குறட்டை கேட்காத ஊர்!

மதுரையில் எங்க ஹாஸ்டல். ரூமுக்கு நாலு பேர். அதில் ஒருத்தனுக்கு நாங்க வெச்ச பேரு 'டிராக்டர்'. ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டார்ட் ஆனா, விடியக்காலை அஞ்சு வரைக்கும் உழவுதான். மூணாவது மாடியில் அவன் விடுற குறட்டைக்கு, கீழே கேட்டில் தூங்குற வாட்ச்மேன் தாத்தா எழுந்து டார்ச் அடிப்பார்!

காலேஜ்னா கலாய்ப்பு இல்லாமலா? அவன் குறட்டையை ரெக்கார்டு பண்ணி ரிங்டோன் வெச்சோம். ஃப்ரெஷர்ஸ் டேயில் மைக் போட்டு அலற விட்டோம். அவனும் சேர்ந்து சிரிச்சான். அதனால தப்பா ஒண்ணும் தெரியலை.

ரெண்டாவது வருஷம்தான் கவனிச்சோம். நாங்க மூணு பேரும் தூங்கின பிறகுதான் அவன் படுப்பான். டூர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க கண் முழிச்சே வந்தான். பெங்களூரு இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு, 'காய்ச்சல்'னு சொல்லிக் கழண்டுக்கிட்டான். முதல் ஹவர் கிளாஸில் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குவான். ஒருநாள் வார்டன்கிட்ட போய், "அந்த பழைய பெஞ்ச் போட்டு வெச்சிருக்கிற ரூம் எனக்குக் கிடைக்குமா சார்?"னு கேட்டிருக்கான். அது காதுக்கு வந்தப்பதான் எங்களுக்கு உறைச்சுது.

"ஸாரிடா மாப்ள"ன்னோம்.

"எங்க ஊர்ல யாரும் ஒருநாளும் இதைப் பத்திச் சொன்னதே இல்லை மச்சான். எனக்கே ஹாஸ்டல் வந்துதான் தெரியும். வேணும்னா ஊருக்கு வந்து பாரு. அம்மா இப்ப ஏதோ சைனா வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதையும் பாரு."

சைனா வைத்தியமா? சங்கரன்கோவிலிலா? பையைத் தூக்கிட்டேன்.

பாம்புகள் சண்டை போட்ட ஊர்

மதுரையில் செங்கோட்டை ரயிலைப் பிடிச்சா சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்னு வரிசையா வரும். ராஜபாளையம் தாண்டினதும் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வரும். ஜன்னல் சீட் கிடைச்சா நீங்க அதிர்ஷ்டசாலி. நம்ம டிராக்டர் அந்த மலையைப் பார்க்கவே இல்லை. சிவகாசியிலேயே தலை சாய்ஞ்சுடுச்சு. எதிர் சீட் பாப்பா பயந்து போய் அவங்க அம்மா மடியில் ஏறிக்கிச்சு.

சங்கரன்கோவில் முன்னே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் இருந்து தென்காசி மாவட்டம். ஸ்டேஷனை விட்டு இறங்கினதும் ஊருக்கே காவல் மாதிரி ஒன்பது நிலை ராஜகோபுரம். நாங்க போனது ஆடித் தபசு முடிஞ்ச அடுத்த வாரம். திருவிழாக் கூட்டம் வடிஞ்சு, ஊர் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தது.

இந்தக் கோயிலின் கதை தெரியுமா? சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள். ஒருத்தர் சிவன் கட்சி, இன்னொருத்தர் பெருமாள் கட்சி. 'யார் பெரியவர்?'னு சண்டை. பஞ்சாயத்து அம்பாள்கிட்ட போக, அம்பாள் புன்னை வனத்தில் தவம் இருக்க, சாமி பாதி சிவனும் பாதி பெருமாளுமா சங்கரநாராயணரா வந்து நின்னார். அந்தத் தவம்தான் ஆடித் தபசு. இன்னைக்கும் இங்கே திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. 'ரெண்டில் எது பெருசு?'னு கேட்டா, 'ரெண்டும்தாம்ல!'ன்னு பதில் சொல்ற ஊர். இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

கோயிலுக்குள்ள புற்று மண் பிரசாதம். தோல் நோயில் இருந்து விஷக்கடி வரைக்கும் அதை நம்பிப் பூசுற சனம் ஏராளம். கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால தரையில் ஒரு சக்கரக் குழி. மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிவந்து அதில் உட்கார வைக்கிறாங்க. ஆக, உடம்புக்கு முடியலைன்னா ஆளுங்க தேடி வர்ற ஊர் இது. பல நூறு வருஷமா!

நண்பனோட அம்மா கோயில் வாசலிலேயே நின்னாங்க. "வாய்யா... சாப்ட்டியா? இந்தா, மண்ணைப் பூசிக்க"ன்னு என் நெத்தியிலும் ஒரு தீற்று. மகன் தொண்டையில் கொஞ்சம் தாராளமாவே தடவிவிட்டாங்க.

தறிச் சத்தமும் தாலாட்டும்

சங்கரன்கோவில்னா சேலை. வீதிக்கு வீதி விசைத்தறி. 'டக்கடக்... டக்கடக்...'னு தறி ஓடுற சத்தம் விடிய விடிய கேக்கும். நண்பன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே ஒரு தறிக்கூடம். உள்ளே நுழைஞ்சதும் அம்மா பேசறதைக் கேக்கவே நான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்பதான் புரிஞ்சுது. இந்தச் சத்தத்தில் பிறந்து, இந்தச் சத்தத்தில் வளர்ந்தவன் அவன். இங்கே யாரு குறட்டையை யாரு கேப்பா? தறிதான் ஊருக்கே தாலாட்டு!

அப்பா நூல், பாவு, சேலைக் கட்டு ஏத்துற லோடு ஆட்டோ ஓட்டுறார். கழுத்து நல்ல கனம். பேசிக்கிட்டு இருக்கும்போதே கண் சொக்குது. "ராத்திரி நல்லாத்தான் தூங்குதேன். ஆனா காலையில தூங்கின மாதிரியே இருக்க மாட்டேங்குது"ன்னார்.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. ரெண்டு மாசம் முன்னால ராஜபாளையம் ரோட்டில் பட்டப்பகலில் கண் அசந்துட்டாராம். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு நாலடி முன்னால நின்னிருக்கு. "கோமதித் தாயிதான் பிரேக்கைப் போட்டா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்து சனிக்கிழமை சனிக்கிழமை அக்குபஞ்சர்.

ஊசி வந்த பாதை

சின்ன மாடி ரூம். சுவரில் உடம்பு முழுக்கப் புள்ளி வெச்ச மனுஷப் படம். வைத்தியருக்கு அறுபது வயசு இருக்கும். ரெண்டு கை மணிக்கட்டிலும் மும்மூணு இடத்தில் விரல் வெச்சு நாடி பார்த்தார்.

"சீன வைத்தியக் கணக்குப்படி குறட்டைங்கிறது தொண்டையில ஆரம்பிக்கிறதில்லை தம்பி. வயித்துல ஆரம்பிக்குது. மண்ணீரல் சோர்ந்தா சாப்பாடு சரியா மாறாம சளியும் ஈரமுமா தேங்குது. அது மேலே ஏறி மூச்சு வழியை அடைக்குது. மண்ணீரல், வயிறு ரெண்டும் மண் மூலகம்."

நண்பன் என் காதில், "இங்கயும் மண்ணுதாண்டா!"ன்னான்.

முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி 'சூசான்லி'ங்கிற புள்ளி. முன்னங்காலின் நடுவில் சளிக்குன்னே ஒரு புள்ளி, 'ஃபெங்லொங்'. மூக்கு ஓரத்தில் ஒண்ணு. குரல்வளைக்கு மேலே, தாடைக்குக் கீழே ஒண்ணு. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசி. நண்பன் கண்ணை மூடினான். அஞ்சே நிமிஷத்தில் டிராக்டர் ஸ்டார்ட்!

ஊசியோட அவர் சரித்திரமும் சொன்னார். 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் சீனா தத்தளிச்சப்ப, இந்தியாவில் இருந்து அஞ்சு டாக்டர்கள் உதவிக்குப் போனாங்க. அதில் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். அவர் கதையை சாந்தாராம் 1946-ல் படமா எடுத்தார். கூடப் போன இன்னொருத்தர் பி.கே.பாசு. அவர் மறுபடி சீனா போய் அக்குபஞ்சரைக் கத்துக்கிட்டு, 1959-ல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையா ஒப்புக்கிச்சு. 2019-ல் தனி மருத்துவ முறையாவே அங்கீகாரம் கொடுத்தது.

"நம்ம வர்ம வைத்தியத்துலயும் புள்ளிக் கணக்குதான். பழனி போகர் சீனாவுக்குப் போய் வந்தவர்னு சித்தர் வழியில ஒரு பேச்சு இருக்கு. யார் யார்கிட்ட கத்துக்கிட்டாங்கங்கிற சண்டை நமக்கு எதுக்கு?" இதைச் சொல்லிச் சிரிச்சார். சங்கன், பதுமன் ஊர்க்காரர் ஆச்சே!

நான் விடலை. "சார், நிஜமாவே குறட்டை நிக்குமா?"

அவர் பதில்தான் என்னை அசத்துச்சு. "பிரேசில்ல சாவோ பாலோவில 36 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2007-ல வெளியிட்டாங்க. சிலருக்கு நிஜப் புள்ளியில ஊசி, சிலருக்குச் சும்மா ஒரு இடத்துல ஊசி, சிலருக்கு வெறும் அறிவுரை. நிஜ ஊசி வாங்கினவங்களுக்கு ராத்திரி மூச்சு நிக்கிறது குறைஞ்சுது. ஆனா 36 பேர்ங்கிறது ஒரு டவுன் பஸ்ஸுக்குக் கூட பத்தாது. அதை வெச்சு நான் சத்தியம் பண்ண முடியாது."

நண்பன் ஆன்லைனில் பார்த்து வெச்சிருந்த 'சீன மூலிகை கேப்ஸ்யூல், குறட்டையும் எடையும் குறையும்' விளம்பரத்தைக் காட்டினான். அவர் முகம் மாறிடுச்சு. பெல்ஜியத்தில் 1990-கள் தொடக்கத்தில் இப்படித்தான் எடை குறைக்கிற மாத்திரையில் சீன மூலிகை கலந்து கொடுத்தாங்க. நூத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிட்னி பழுது. சிலருக்குப் பின்னாடி புற்றுநோயும் வந்தது. காரணம், அரிஸ்டலோக்கியான்னு ஒரு செடி. நம்ம காட்டில் கிடக்கிற ஆடுதின்னாப்பாளை அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி! "மூலிகைன்னா பால் மாதிரின்னு நினைக்காதீங்க. என்ன இருக்குன்னு தெரியாத டப்பாவைத் திறக்கவே கூடாது."

கிளம்பும்போது அப்பாவைக் காட்டி, எங்ககிட்ட மட்டும் சொன்னார். "இவருக்கு மூணு வாரமா ஊசி போடுதேன். பகல் தூக்கம் குறையலை. இன்னைக்கு ராத்திரி பக்கத்துல படுத்துக் காதைக் கொடுங்க. குறட்டை முக்கியமில்லை. குறட்டை நடுவுல நிக்குதான்னு பாருங்க. நின்னா, எவ்வளவு நேரம்னு எண்ணுங்க."

கரண்ட் போன ராத்திரி

மாடியில் பாய் போட்டுப் படுத்தோம். அப்பா, நண்பன், நான். கீழே தறி. காதைக் கொடுத்து என்ன பண்ண? 'டக்கடக்' தவிர வேற ஒண்ணும் கேக்கலை.

ரெண்டு மணி இருக்கும். பட்டுனு கரண்ட் கட்! தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்னுடுச்சு. அப்படி ஒரு அமைதியை அந்த வீதி எப்பவாச்சும்தான் கேக்கும்போல.

அந்த அமைதியில் அப்பாவோட குறட்டை. மேலே மேலே ஏறி... சட்னு நின்னுடுச்சு.

சரி, புரண்டு படுத்துட்டார்னு நினைச்சேன். அப்புறம்தான் வைத்தியர் சொன்னது ஞாபகம் வந்தது. எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது, மூக்கிலும் வாயிலும் காத்து இல்லை. பத்து... பதினஞ்சு... பக்கத்தில் நண்பனும் முழிச்சு உட்கார்ந்திருந்தான். அவன் உதடும் எண்ணிக்கிட்டு இருந்தது. இருபத்தி ரெண்டு... இருபத்தி மூணு... 'ஹக்'னு ஒரு திணறல். தண்ணிக்குள்ள முங்கினவன் மேலே வந்து இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு. மறுபடி குறட்டை. ஒரு நிமிஷம்கூட ஆகலை, மறுபடி நின்னுடுச்சு.

நண்பன் அப்பா தோளைத் தொடப் போய், கையை இழுத்துக்கிட்டான். "இருபது வருஷமா இவர் பக்கத்துல படுத்திருக்கேன்டா..."ன்னு மட்டும் சொன்னான். கரண்ட் வந்தது. தறி ஓடுச்சு. அப்பா மூச்சு நிக்கிற சத்தம் மறுபடி மூடிடுச்சு. விடியற வரைக்கும் ரெண்டு பேரும் தூங்கலை.

என்னதான் நடக்குது தொண்டையில்?

தூங்கும்போது நம்ம தசை எல்லாம் தளரும். மல்லாக்கப் படுத்தா நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால சரியும். சந்தா இருக்கிற வழியில் காத்து போகும்போது சதை அதிர்றதுதான் குறட்டை. வழி முழுசா மூடிட்டா குறட்டையே இருக்காது, மூச்சும் இருக்காது! அதுதான் ஸ்லீப் ஆப்னியா, தூக்க மூச்சடைப்பு. பத்து விநாடிக்கு மேல நின்னா அது கணக்கில் சேரும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கி எழுப்பும். ஆனா தூங்குறவருக்கு ஞாபகமே இருக்காது. மணிக்கு அஞ்சுக்குள்ள இருந்தா நார்மல். முப்பதுக்கு மேல போனா தீவிரம். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும், மூளை ஒரு நிமிஷமும் நிம்மதியா தூங்கியிருக்காது. ரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம், ஸ்டியரிங்கில் கண் அசர்றது... எல்லாம் இதோட சொந்தக்காரங்க. எடை, தடிச்ச கழுத்து, மூக்கடைப்பு, ராத்திரி குடி, தூக்க மாத்திரை எல்லாம் இதை மோசமாக்கும். சிலருக்குத் தாடை அமைப்பே காரணம். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரலாம்.

காலையில் வைத்தியர்கிட்ட ஓடினோம். "இருபத்தி மூணா?"ன்னு எழுந்தே நின்னுட்டார். "இதுக்கு ஊசியோட நிக்கக் கூடாது. திருநெல்வேலிக்குப் போய் நுரையீரல் டாக்டரைப் பார்த்துத் தூக்கப் பரிசோதனை பண்ணுங்க. அது வரைக்கும் இவர் வண்டி ஓட்டக் கூடாது. ஊசி எங்கயும் ஓடிறாது, இங்கதான் இருக்கும்."

அம்மாவுக்கு மனசில்லை. "கோயில் மண்ணு, ஊசி எல்லாம் வீணாய்யா?"ன்னு கேட்டாங்க. நண்பன்தான் சொன்னான், "நம்ம சாமியே பாதி பாதிதானம்மா. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்." அம்மா கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துட்டு, சேலையை மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

யானைத் தும்பிக்கை

தலையில் ஒயர், மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப். ஒரு ராத்திரி பரிசோதனை. அப்பாவுக்கு மணிக்கு 41 தடவை! பிள்ளைக்கு 12. அவனுடையது ஆரம்பக் கட்டம். "எடையைக் குறை, ஒருக்களிச்சுப் படு, ஆறு மாசம் கழிச்சு வா"ன்னு அனுப்பிட்டாங்க.

அப்பாவுக்கு சிபாப் மெஷின். மூக்கில் மாஸ்க், அதில் இருந்து குழாய், மறுமுனையில் காத்தை மெதுவா அழுத்தி அனுப்புற பெட்டி. காத்தே முட்டுக் கொடுத்து வழியைத் திறந்து வைக்கும். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சது. ஆரம்பத்தில் அவர் பயன்படுத்தினது வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான்! விலை, லோடு ஆட்டோ ஓட்டுற வீட்டுக்குச் சின்னது இல்லை. அம்மாவின் ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு. கரண்ட் போனா தறி மட்டுமில்ல, மெஷினும் நிக்கும். அதனால பேட்டரிக்கும் சேர்த்துச் செலவு.

நம்ம டிராக்டரும் சும்மா இல்லை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூரில் 30 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2025-ல் வெளிவந்தது. தினம் கால் மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு மாசம் சங்கு ஊதினவங்களுக்குப் பகல் தூக்கமும் ராத்திரி மூச்சடைப்பும் குறைஞ்சிருக்கு. தொண்டைத் தசைக்கு அது ஜிம் மாதிரி! இதுவும் சின்ன ஆராய்ச்சிதான். ஆனா சங்கனோட ஊர்க்காரன் சங்கை விடுவானா? ஊரில் இருந்தே ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டான். சாயங்காலம் ஆனா ஹாஸ்டல் மொட்டை மாடியில் 'பூ...ம்'! "இதுக்குக் குறட்டையே தேவலைப்பா"ன்னு வாட்ச்மேன் தாத்தா புலம்புறார். சனிக்கிழமை ஊருக்குப் போனா ஊசியும் உண்டு. எடை அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. எதனால குறட்டை குறையுதுன்னு கேட்டா, "ரெண்டும்தாம்ல!"ங்கிறான்.

நாங்க ரிங்டோனை அழிச்சுட்டோம். பழைய பெஞ்ச் ரூமுக்கு அவன் போகலை. ராத்திரி அவன் மல்லாந்து புரண்டா, முழிச்சிருக்கிறவன் தள்ளி ஒருக்களிக்க வைக்கணும். இது எங்க ரூம் சட்டம். உங்க ரூமிலும் ஒரு டிராக்டர் இருக்கலாம். சிரிக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு ராத்திரி காது கொடுத்து எண்ணிப் பாருங்க.

போன மாசம் போனில் அம்மாகிட்ட பேசினேன். அப்பா மறுபடி வண்டி ஓட்டுறார், பகலில் தூங்குறதில்லையாம். "மெஷின் மாட்டின முதநா ராத்திரி நான்தான்யா தூங்கல. உங்க மாமாகிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லையே... பயந்து போயி ரெண்டு தடவை எழுப்பிட்டேன்"ன்னு சிரிச்சாங்க. பின்னாடி தறி ஓடிக்கிட்டே இருந்தது.